வீழ்ந்தவன் வெட்கவேண்டியதில்லை!

தோற்றவனைத் தூற்றும் உலகம் இது. வென்றவன் தோளிலே மாலை. வீழ்ந்தவன் தலையிலே வசைமாரி! குத்துச்சண்டை மேடையிலே, அதிலும் 'ஹெவிவெயிட்' எனப்படும் கன எடைப் பிரிவிலே, இந்தக் கொடுமை மிக அதிகம். ஆயிரமாயிரம் கண்களின் முன்னே ஒருவன் சாய்கிறான், நடுவர் பத்து எண்ணுகிறார், எழ முடியவில்லை. உடனே, அவன் இனமே வீழ்ந்தது, நாடே வீழ்ந்தது என்று ஓலமிட ஒரு கூட்டம் கிளம்புகிறது!

நாம் கேட்கிறோம்: வீழ்வதிலே என்ன இழிவு? ஒருவருக்கு வெற்றியெனில் மற்றவருக்குத் தோல்வி. இது கணக்கு, களங்கமல்ல. இழிவு வீழ்ச்சியிலே இல்லை. வீழ்ந்ததை ஒப்ப மறுக்கும் பொய்யிலே இருக்கிறது.

சான்று வேண்டுவோர் 1910-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாளை நினைவுகூரட்டும். அமெரிக்காவிலே, ரீனோ நகரிலே, ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரரை எதிர்த்து நின்றார் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ். ஓய்வு பெற்றிருந்த அவரை, வெள்ளையர் மானத்தைக் காக்க வா என்று இழுத்துவந்து நிறுத்தினர். பதினைந்தாம் சுற்றிலே ஜெஃப்ரிஸ் தோற்றார். தோற்றவர் என்ன சொன்னார்? தமது உடல்வலிமை உச்சத்திலிருந்த காலத்திலேகூட ஜான்சனை வென்றிருக்க இயலாது என்று ஒப்புக்கொண்டார். அடிபட்டவருக்கு உண்மை தெரிந்தது; வேடிக்கை பார்த்தவர்க்குத் தெரியவில்லை! பல நகரங்களிலே வெறியர்கள் கறுப்பின மக்கள்மீது பாய்ந்தனர், உயிர்கள் பலியாயின. 1912-இல், குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே தடுத்துச் சட்டம் செய்தனர். கறுப்பரிடம் வெள்ளையர் தோற்ற காட்சியை மறைக்கச் சட்டம்! படத்தைப் பூட்டிவைத்தால் பட்ட அடி மறைந்துவிடுமா?

தோல்வியை வெறுப்பவனே வெற்றி பெறுவான் என்பர் சிலர். வெறுக்கட்டும், தவறில்லை, மறுக்கலாமா? 1936-ஆம் ஆண்டு ஜூன் திங்களிலே, தோல்வியே கண்டிராத ஜோ லூயியை ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாம் சுற்றிலே வீழ்த்தினார். மாயமா? மந்திரமா? இல்லை. இடக்கையால் குத்தியபின் அக்கையைத் தாழ்த்திவிடுவது லூயியின் வழக்கம். அதனைப் படம் பார்த்துக் கண்டறிந்த ஷ்மெலிங், அந்தத் திறந்த வழியிலே தம் வலக்கையைச் செலுத்தினார். தோல்விக்குக் காரணம் இருந்தது. காரணத்தைக் கண்டால் களையலாம். 1938 ஜூன் 22, மீண்டும் மோதல். முதற் சுற்றே முற்றுச் சுற்று. 124 நொடிகளில் வென்றார் லூயி! காலத்தின்மீதும் கோள்களின்மீதும் பழிபோட்டுக் குந்தியிருந்தால் அந்த வெற்றி கிடைத்திருக்குமா?

வீழ்ந்த ஷ்மெலிங், முதலில், சிறுநீரகப் பகுதியிலே முறைகேடாகக் குத்தினார் என்று குறைகூறத்தான் செய்தார். ஆனால் அதிலேயே அவர் நின்றுவிடவில்லை. நாஜிகள் அவரை இன உயர்வின் விளம்பரப் பலகையாக்க முயன்றனர். அவரோ அவர்தம் கட்சியில் சேர மறுத்தார். 1938 நவம்பரில் யூதர்மீது வெறியாட்டம் நடந்தபோது, யூத நண்பரின் மைந்தர் இருவரை மறைத்துக் காத்தார். பிற்காலத்திலே, அந்தச் சண்டையில் தோற்றதே நல்லதாயிற்று என்று சொல்லுமளவுக்கு உயர்ந்தார். போருக்குப் பின் லூயியின் நண்பரானார். 1981-இல் லூயி மறைந்தபோது இறுதிச் சடங்குச் செலவிலும் பங்கேற்றார். வீழ்த்தியவனை வெறுக்காத நெஞ்சம் அது! பட்டம் போனாலும் பண்பு போகவில்லை.

இன்றைய காலத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரியிலே டைசன் ஃபியூரியிடம் டியோன்டே வைல்டர் தோற்றார். காரணம்? மேடைக்கு அணிந்துவந்த 40 பவுண்டுக்கு மேற்பட்ட ஆடம்பர உடை கால்களைக் களைப்பாக்கிவிட்டதாம்! உடையைத் தேர்ந்தது யார்? எதிரியா? ஏழாம் சுற்றிலே, இனிமேலும் அடிபடவேண்டாமென்று துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்திய துணைப் பயிற்சியாளர் மார்க் பிரீலண்டை விலக்கினார், பழியும் சுமத்தினார். காத்த கைக்குக் கிடைத்த பரிசு அது!

1975-இல் மணிலாவிலே, முகம்மது அலியை எதிர்த்துப் பதினான்கு சுற்றுகள் போராடிய ஜோ ஃபிரேசியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் பதினைந்தாம் சுற்றுக்கு அனுப்ப மறுத்தார். வீங்கிய விழியால் பார்க்கவும் இயலாத நிலையிலே, இன்னும் ஆடுவேன் என்றார் ஃபிரேசியர். ஒரு சுற்றுத்தான் பாக்கி. எனினும் பட்டத்தைவிட உயிர் பெரிது என்று கண்டார் ஃபட்ச். அதனைக் கோழைத்தனம் என்பவன் வீரத்தை அறியாதவன். பிறர் குருதியிலே பொழுதுபோக்கும் பேர்வழி!

தோழர்களே! தோற்றவுடன், யார்மீது பழி போடலாம் என்று தேடுவது பேதைமை. ஏன் தோற்றோம் என்று தேடுவது பகுத்தறிவு. முன்னதற்கு ஒரு நாவு போதும். பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும். வீழ்ந்தவன் வெட்கவேண்டியதில்லை. வீழ்ச்சியை மறைப்பவன் வெட்கட்டும். வீழ்ந்தவனைக் காட்டி இனவெறி வளர்ப்பவன் வெட்கித் தலைகுனியட்டும்!