பேய்ப் படக்கதையும் டெலிவிஷனும்

பகுத்தறிவு பேசுகிற பத்திரிகைக்குப் பேய்க்கதையோடு என்ன சம்பந்தம் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பேய் உண்டு, அதை ஓட்டுகிற மந்திரமும் என்னிடம் உண்டு என்று சொல்லிக் காசு பறிக்கிறவன் ஒருவன். இது கட்டுக்கதை, பத்து சென்டு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடு என்று சொல்லி விற்கிறவன் இன்னொருவன். இவ்விருவரில் உலகம் எவனைக் கூண்டில் ஏற்றியது என்பதைத் தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் ஒரு பேய்ப் படக்கதை டெலிவிஷனுக்கு வந்து சேர்ந்த வரலாறு ஒன்றே போதும்.

நியூயார்க்கில் ஈ.ஸி. என்றொரு பிரசுரக் கம்பெனி இருந்தது. அதை ஏற்படுத்திய மாக்ஸ் கெயின்ஸ், பைபிள் கதைகளைப் படமாகப் போட்டு விற்றவர். அவர் 1947 இல் படகு விபத்தில் இறந்துபோகவே, கம்பெனி அவர் மகன் வில்லியம் கெயின்ஸ் கைக்கு வந்தது. மகன் பைபிளை விட்டுப் பேயைப் பிடித்துக்கொண்டார். 1950 முதல் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', அதாவது கல்லறைக் கதைகள் என்ற படக்கதைப் புத்தகமும், அதன் கூடப்பிறந்தவை இரண்டும் கடைக்கு வந்தன. அவற்றில் பிணம் எழுந்து நடக்கும், இரத்தம் ஒழுகும், பார்த்தால் சோறு இறங்காது. இதை நாம் மறைக்கப் போவதில்லை.

ஆனால், அக்கதைகளில் தண்டனை அடைகிறவன் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு கதையில், கண்ணில்லாதவர்கள் விடுதிக்கு ஓர் அதிகாரி வருகிறான். அவர்களைப் பட்டினி போட்டுத் தான் மட்டும் தின்று கொழுக்கிறான். குருடர்கள் ஒன்றுகூடிச் சுவரெங்கும் சவரக்கத்திகள் பதித்த ஒரு சந்து கட்டி, அதற்குள் அவனை விட்டு, விளக்கை அணைத்து விடுகிறார்கள். அதே கம்பெனி வெளியிட்ட மற்றொரு புத்தகத்தில் 1953 இல் வந்த கதையில் பேயே கிடையாது. கொரியா யுத்தத்திலிருந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், தன் உயிரைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்த தோழனைத் தன் குடும்பக் கல்லறையில் புதைக்கும்படி முன்பே எழுதியிருக்கிறான். இறந்தவன் கறுப்பன் என்பதால் ஊரார் மறுத்துவிடுகிறார்கள். தன்னை வரவேற்கக் கூடிய கூட்டத்திலேயே அவன் அவர்கள் முகத்தில் உமிழாத குறையாகப் பேசுகிறான். ஊருக்கொரு சுடுகாடும் சேரிக்கொரு சுடுகாடும் வைத்திருக்கிற நமக்கு இக்கதையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இனி, கனவான்கள் செய்த காரியத்தைப் பார்ப்போம். ஈ.ஸி.யின் பேய்கள் பிறப்பதற்கு முன்னமே, 1948 இல், நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படக்கதைப் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். 1954 இல் டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநோய் வைத்தியர், படக்கதைகள்தான் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று புத்தகம் எழுதினார். இவரை அயோக்கியர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஹார்லெமில் ஏழைக் கறுப்பர்களுக்காக 1946 இல் சொற்பக் கட்டணத்தில் வைத்தியசாலை வைத்து நடத்தியவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர். அப்படிப்பட்டவரே, தம் முடிவுக்கு ஏற்றபடி நோயாளிகளின் வாக்குமூலங்களைத் திருத்தியும் சேர்த்தும் வெட்டியும் எழுதினார் என்பதை, அவருடைய சொந்தக் காகிதங்களைச் சோதித்து கெரல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர் 2012 இல் வெளியிட்டார். நல்லவர் சொன்னார் என்பதற்காக ருஜு கேளாமல் விடக்கூடாது என்று நாம் ஓயாமல் சொல்லி வருவதற்கு இதைவிட வேறு உதாரணம் எதற்கு?

1954 ஏப்ரல் 21 இல் செனட் சபையின் கமிட்டி முன் கெயின்ஸ் தாமாகவே சாட்சி சொல்ல வந்தார். செனட்டர் கெஃபாவர் ஒரு புத்தக அட்டையைத் தூக்கிக் காட்டினார். கோடாலியும் கையுமாக ஒருவன் பெண்ணின் வெட்டுண்ட தலையைப் பிடித்திருக்கும் படம் அது. இது நல்ல ரசனையா என்று கேட்டார். பயங்கரப் புத்தகத்தின் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்று கெயின்ஸ் பதில் சொல்ல, மறுநாள் பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. அவர் வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம் என்பதே நமது அபிப்பிராயமும். அவ்வாண்டே பிரசுரக்காரர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். பிணம் நடக்கக்கூடாது, இரத்தம் குடிக்கும் பேய் வரக்கூடாது என்றதோடு அது நிற்கவில்லை. போலீசார், நீதிபதிகள், சர்க்கார் அதிகாரிகள் ஆகியோரிடம் மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது என்றும் அதில் சேர்த்தார்கள். பேயைத் துரத்துகிற சாக்கில் அதிகாரிக்குக் காவல் போட்ட சாமர்த்தியத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும்! விதிக்கு உட்பட்ட முத்திரை இல்லாத புத்தகத்தை மொத்த வியாபாரிகள் தொடமாட்டார்கள். 1955 இன் தொடக்கத்தோடு கல்லறைக் கதைகள் நின்றன.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்து கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் கொண்ட பேய் ஒன்று பிள்ளைகளைத் தின்றுவிட்டது என்று புரளி கிளம்பி, நூற்றுக்கணக்கான சிறுவர்கள் தடியும் கத்தியும் கொண்டு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். போலீசார் வந்து கலைக்கவேண்டியதாயிற்று. உடனே பாதிரிமாரும் உபாத்தியாயர்களும் பார்லிமென்டு மெம்பர்களும் அமெரிக்கப் படக்கதைதான் காரணம் என்று கூச்சலிட்டு, 1955 இல் சட்டமே கொண்டுவந்து விட்டார்கள்.  இரும்புப் பல் மிருகம் பைபிளிலும் உண்டு, தானியேல் ஆகமம், 7 ஆம் அதிகாரம். அதைத் தடுக்கச் சட்டம் வரவில்லை.

கெயின்ஸ் கதை இன்னும் முடியவில்லை. பேயை விட்டபின் அவர் 1956 இல், முன்பு வெளியிட்ட விஞ்ஞானக் கதை ஒன்றை மறுபடி அச்சிடப் போனார். ஒரு கிரகத்தில் ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்களும் நீல நிற இயந்திர மனிதர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் யந்திரம் ஒன்றே. மேல் தகட்டின் நிறம் மட்டும் வேறு. நீலத்துக்கு வேலையும் தாழ்ந்தது, இடமும் தாழ்ந்தது. பூமியிலிருந்து பரீட்சிக்க வந்தவர், உங்களுக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை என்று சொல்லித் திரும்புகிறார். கடைசிப் படத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றினால், அவர் ஒரு கறுப்பர். முத்திரை போடுகிற அதிகாரி, அவரைக் கறுப்பராகக் காட்டக்கூடாது என்றார். கதையே அதுதான் என்று கெயின்ஸ் மறுத்தார். அப்படியானால் முகத்தில் மின்னும் வியர்வைத் துளிகளையாவது அழி என்றார்! கெயின்ஸ் அதற்கும் இணங்காமல் உள்ளபடியே அச்சிட்டார். அதுவே ஈ.ஸி.யின் கடைசிப் படக்கதைப் புத்தகமாயிற்று.

முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1989 இல், அதே கல்லறைக் கதைகள் எச்.பி.ஓ. டெலிவிஷனில் தொடராக வந்தன. மற்ற நிலையங்கள் சோப்பு வியாபாரிக்கும் சர்க்கார் கமிஷனுக்கும் பயந்தவை. எச்.பி.ஓ.வுக்கோ பார்க்கிறவன் கட்டும் சந்தாவே வரும்படி. ஏழெட்டுப் பக்கக் கதை அரைமணி நேரப் படமாயிற்று. கதை சொல்லும் கல்லறைக் காவலனை எலும்பும் தோலுமான பொம்மையாகச் செய்து, ஜான் காஸிர் என்பவர் குரல் கொடுத்தார். அது வந்து இளித்துக்கொண்டு சிலேடை பேசும்போதே, இது புளுகு என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். எந்தக் கோயிலிலும் எந்தப் பேயோட்டியும் இந்த யோக்கியப் பொறுப்போடு பேசி நாம் கேட்டதில்லை. 1996 வரை 93 படங்கள் வந்தன. பிள்ளைகளைக் கெடுக்கும் என்று ஒழித்த அந்தக் காவலனை வைத்தே 1993 இல் பிள்ளைகளுக்கென்று ஒரு கார்ட்டூன் தொடரும் வந்தது. கடைசித் தொகுதியைப் படம் பிடித்ததோ, 1955 இல் சட்டம் செய்த அதே இங்கிலாந்தில்! நடக்கும் பிணம் என்று விதி தடுத்த பெயரையே தலைப்பாகக் கொண்ட 'தி வாக்கிங் டெட்' படக்கதையும் 2010 முதல் 2022 வரை டெலிவிஷனில் ஓடியது. விதி 2011 இல் தானாகச் செத்தது.

இவ்வளவு சுதந்தரம் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்கு வருத்தம். குருடர் விடுதிக் கதையைப் படமாக்கினார்கள், சந்தோஷம். ஆனால், சிப்பாய் கதை அந்த 93 இல் இல்லை. இரத்தத்துக்கும் நிர்வாணத்துக்கும் இருந்த இடம் அதற்கு இல்லை. அது பேய்க்கதை அல்லவே என்று சமாதானம் சொன்னால் செல்லாது. பேய்ப் புத்தகங்களில் மட்டுமன்றி அக்கம்பெனியின் குற்றக்கதைப் புத்தகங்களிலிருந்தும் தாராளமாகக் கதை எடுத்தவர்கள் அவர்கள்.

2016 இல் இத்தொடரை மறுபடி எடுக்கப் போவதாக டி.என்.டி. டெலிவிஷன் அறிவித்து, உரிமைச் சிக்கலால் அடுத்த ஆண்டே கைவிட்டது. சிக்கல் தீர்ந்து இனி யாரேனும் எடுக்க வருவாரேயானால், புதைக்க இடம் கிடைக்காத அந்தக் கறுப்புச் சிப்பாயின் கதையை முதல் நாளே காட்டட்டும். அரைமணி நேரம் போதும், பொம்மைகூட வேண்டியதில்லை.