நாளைப் போவாரும் இன்று போவாரும்

சென்ற ஆண்டு நமது தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நந்தனார் இசை நாடகத்தை நடத்துவதென்று இளைஞர் சிலர் தீர்மானித்தனர். தீர்மானித்த மறுநாளே சண்டை மூண்டது. நந்தனை நெருப்பில் இறக்கும் கடைசிக் காட்சியை மாற்றி அமைக்கப் போவதாக அவர்கள் சொன்னதே காரணம். "மூலத்தில் கை வைக்காதீர்கள், பெரியவர்கள் எழுதியதை எழுதியபடியே ஆடுங்கள்" என்றனர் கோயில் கமிட்டியார். மலாக்கா பட்டணத்திலிருந்து வந்திருந்த சங்கீத அபிமானி ஒருவரோ, "காட்சி எப்படியிருந்தால் என்ன? பாட்டு கெடாமலிருந்தால் போதும்" என்றார். முடிவில் நாடகமே நடைபெறவில்லை. அன்றிரவு மேடையில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடந்தது. மூலத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டார்கள்.

நிற்க. மூலம், மூலம் என்கிறார்களே, எது மூலம்? இதை முதலில் விசாரிப்போம்.

நந்தனாரைப் பற்றிச் சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பெயரளவில் மட்டுமே குறிக்கிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் அதைச் சற்றே விரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் முப்பத்தேழு விருத்தங்களில் முழுக் கதையாக்கினார். அக்கதையிலே நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறான். ஊரார் விட்ட மானிய நிலத்தில் உண்டு, கோயில் முழவுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறான். திருப்புன்கூரில் அவனுக்காக நந்தி விலகுகிறது. தில்லைக்குப் போகத் துடிக்கிறான். ஆயினும் தன் பிறப்பை எண்ணித் தானே தயங்கி, "நாளைப் போவேன்" என்று நாட்களைக் கழிக்கிறான். திருநாளைப்போவார் என்ற பெயர் அதனால் வந்தது. இந்தக் கதையில் ஆண்டை இல்லை. லீவு கேட்கும் காட்சி இல்லை. நாற்பது வேலி நிலமும் இல்லை.

அப்படியாயின், நம்மவர் கண்ணீர் விட்டுக் கேட்கும் அந்த வேதியர் எங்கிருந்து வந்தார்? கோபாலகிருஷ்ண பாரதியார் கொண்டுவந்தார். 1861இல் காரைக்காலில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, சேக்கிழார் கதையை வெறுமனே இசையில் ஏற்றிய நூலன்று. அது ஒரு திருத்தம், அதுவும் துணிச்சலான திருத்தம். நந்தனைப் பண்ணையாளாக்கி, அவன் தலைக்கு மேலே ஒரு வேதிய மிராசுதாரை நிறுத்தி, சிதம்பரம் போக உத்தரவு கேட்கவைத்தவர் பாரதியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப்பாயிரம் தர முதலில் இணங்கவில்லை. பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிய பின்னரே தந்தார் என்பது தமிழுலகம் அறிந்த வரலாறு. இன்று "மூலம்" என்று போற்றப்படும் நூல், அன்று படித்தவர் வாசலில் அனுமதிக்காகக் காத்து நின்ற நூலே. ஆகவே கமிட்டியார் காப்பது மூலத்தையன்று; தமக்குப் பழகிப்போன ஒரு திருத்தத்தையே காக்கிறார்கள்.

அத்திருத்தம் செய்த பெரிய காரியம் யாது? "நாளை" என்னும் ஒரு சொல்லின் இடத்தை மாற்றியது. சேக்கிழாரிடத்தில் "நாளை" நந்தனுடைய நெஞ்சிலிருந்து பிறக்கிறது. பாரதியாரிடத்தில் அதே "நாளை"க்குக் காரணம் ஆண்டையின் வாய். போகாமலிருப்பவன் வேறு, போகவிடாமல் நிறுத்தப்பட்டவன் வேறு. முன்னவன் கதை பக்தியின் கதை. பின்னவன் கதை அடிமையின் கதை. பிராமணராகப் பிறந்த பாரதியார் இவ்வேறுபாட்டைக் கண்டு பாடினாரே, அதற்காக அவரை எத்தனை முறை வணங்கினாலும் தகும்.

இதை நன்கு உணர்ந்தவர் சுப்பிரமணிய பாரதியார். கீர்த்தனையில் ஆண்டை நந்தனை ஏசும் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, ஆங்கிலேயன் இந்தியனை ஏசுவதாக "தொண்டு செய்யும் அடிமை" என்ற பாட்டை அமைத்தார். ஆண்டையும் வெள்ளைத் துரையும் ஒரே மெட்டில் பேசுகிறவர்கள் என்பதை எடுத்துக்காட்ட இதைவிடச் சுருக்கமான வழி ஏது? நம் தோட்டங்களுக்கு இது புதிய செய்தியன்று. மலாக்காவில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 1896இலும் புக்கிட் ஆசகானில் 1898இலும் ரப்பர் பயிரிட்டு வழிகாட்டினார். அதன் பின்னர் காடு தோட்டமாக மாறியபோது, ஒப்பந்தத்தின் பேரிலும் கங்காணியின் பேரிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர், உத்தரவின்றித் தோட்டத்தின் எல்லையைத் தாண்டத் துணியாத நந்தன்களே. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றது. அந்த இரண்டு முறைகளிலும் வந்தவர்களின் பேரன்மார் ஆடவேண்டிய நாடகத்திலே, உத்தரவு கேட்கும் காட்சியைப் புராணத்தில் இல்லாதது என்று எவரேனும் நீக்கச் சொல்வாரா? சொல்லார். திருத்தம் தமக்குப் பிடித்திருந்தால் அது மூலமாகிவிடுகிறது. பிடிக்காவிட்டால் அது துரோகமாகிவிடுகிறது. இதுவே இவர்களுடைய நியாயம்.

ஆயினும் திருத்தமெல்லாம் நல்லதென்று நாம் வாதிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலே நமக்கு லியர் அரசன் நாடகத்தைப் பாடமாக வைத்தார்கள். ஷேக்ஸ்பியர் எழுதிய அந்தத் துயர நாடகத்தை 1681இல் நாகம் டேட் என்பவர் திருத்தினார். இறக்கவேண்டிய கார்டீலியாவைப் பிழைக்கவைத்துக் கல்யாணமும் செய்து வைத்தார். அரசனுக்கு உண்மை சொல்லும் விதூஷகனை அடியோடு நீக்கினார். அந்த விதூஷகன் மறுபடி மேடை ஏறியது 1838இல். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில ஜனங்கள் அழவேண்டிய இடத்தில் கைதட்டிவிட்டு வீடு திரும்பினார்கள். ஆதலின் திருத்தத்தை அளக்க ஒரே கோல்தான் உண்டு: துன்பத்தின் காரணத்தை வெளிப்படுத்தும் திருத்தம் நல்லது, துன்பத்தை மூடி மறைக்கும் திருத்தம் கெட்டது.

இக்கோலைக் கொண்டு கோபாலகிருஷ்ண பாரதியாரையும் அளப்போம். பெரியவர் என்பதற்காக விட்டுவிடலாகாது. வேதியரைக் கொண்டுவந்து காரணத்தைக் காட்டினார், அது பொன். ஆனால் நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓர் இரவில் சிவகணங்கள் முடித்துவிடுவதாகப் பாடினாரே, அங்கே காரணம் மறைந்துபோகிறது. ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்றால் சுமார் 265 ஏக்கர். நமது கணக்கில் ஒரு சிறு டிவிஷன். அதற்குக் காலைப் பிரட்டில் எத்தனை ஆளை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் பேர் போடவேண்டும் என்பது செக்ரோல் எழுதும் நமக்குத் தெரியும். ஆளில்லாமல் விளைந்த காட்டை நாம் கண்டதில்லை. பூதம் பால் வெட்டியதாகவோ, பூதம் செம்பனைக் குலை இறக்கியதாகவோ எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் பதிவில்லை. விளைந்த நெல்லைக் கண்ட வேதியர் மனம் திரும்பி நந்தன் காலில் விழுகிறார். சபையோர் மெய்சிலிர்க்கிறார்கள். நாம் கேட்கிறோம்: நெல் விளையாதிருந்தால் அவர் விழுந்திருப்பாரா? விளைச்சலைக் கண்டு பிறந்த பணிவை ஞானம் என்று சொல்வது எப்படி?

அடுத்து வருவது நெருப்பு. இது சேக்கிழாரிலும் உண்டு, பாரதியாரிலும் உண்டு. பெரிய புராணத்தின்படி நந்தன் தீயில் மூழ்கி, முனிவனாய், மார்பில் பூணூலோடு எழுகிறான். பிறகே சந்நிதி திறக்கிறது. ஆண்டையைப் புதிதாகப் படைக்கும் துணிவு கொண்ட பாரதியார், இந்த நெருப்பை அணைக்கும் துணிவு கொள்ளவில்லை. அவருக்குப் பின் வந்த நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் தொட்டதெல்லாம் பாட்டைத்தான். 1935இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். சுந்தராம்பாளுக்கு அப்படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதே அன்று ஊரெங்கும் பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் பாடினார். பாபநாசம் சிவன் முதலியோரின் புதிய பாட்டுக்கள் சேர்ந்தன. இசை வளர்ந்தது, மறுப்பார் இல்லை. நெருப்பு மட்டும் அப்படியே எரிந்தது. பட்டணத்துச் சங்கீத அபிமானி அவர்களே! உயிரோடு ஒருவன் எரியும்போது எந்த இராகம் என்று விசாரிப்பது ரசனையாகுமா?

நெருப்பைக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் உடுமலை நாராயண கவியின் பாட்டுக்களோடு கிந்தனார் காலட்சேபத்தைச் செய்தார். 1949இல் வந்த நல்லதம்பி படத்தில் அதை இன்றும் காணலாம். கோயிலுக்கு ஏங்கிய நந்தனுக்குப் பதில் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கும் கிந்தன். தில்லைக்குப் பதில் சென்னை. கால்நடைக்குப் பதில் ரயில். சோதியில் கலப்பதற்குப் பதில் பரீட்சையில் தேறுவது. நாளைப் போவாரை இன்று போவாராக்கியது அந்தக் காலட்சேபம். 1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நந்தன் கதை நாடகமோ வேறு வழியில் சென்றது. தீ தெய்வச் செயலன்று, மனிதர் கூடிச் செய்த சதி என்று அது காட்டியது. ஒன்று நெருப்பைச் சிரித்து விலக்கியது. மற்றொன்று நெருப்பை மூட்டியவன் கையைப் பிடித்துக் காட்டியது. இரண்டும் நமது கோலுக்குத் தப்பாதவை.

மேடையில் மட்டுமா? தில்லையிலேயே திருத்தம் நடந்தது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் நிறுவினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லப்படும் ஊரில் நந்தனின் இனத்துப் பிள்ளைகள் அமர்ந்து எழுத்துப் படித்தார்கள். நந்தனார் சரித்திரத்துக்கு இதைவிடச் சிறந்த கடைசிக் காட்சியை எந்தக் கவியும் எழுதவில்லை.

இவ்வளவு எழுதியபின் நம்மைப் பற்றியும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நமது பாட்டனார் பால் வெட்டினார். தந்தையார் வாளி தூக்கினார். நாம் ஆங்கிலம் படித்துக் கிராணியாகத் திரும்பினோம். அதாவது, நாமே கிந்தன். அதில் பெருமையும் கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகவேண்டுமென்று முதிய தொழிலாளர் ஒருவர் நம் மேசை முன் வந்து நின்றார். "கிராணி ஐயா, ஒரு நாள் லீவு வேணுங்க" என்றார். வாரக் கடைசிக்குள் குலை ஏற்றிவிடவேண்டும், கணக்கும் நெருக்கியது. தலை நிமிராமலே, "நாளைக்கு வாங்க, பார்ப்போம்" என்றோம். மறுநாளும் அதையே சொன்னோம். மாசி மகம் கடந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை; மூன்றாம் நாள் வழக்கம்போல் பிரட்டுக்கு வந்து நின்றார். நந்தனார் ஒத்திகையில் வேதியர் வேஷக்காரன் உத்தரவு மறுக்கும் வசனத்தைப் பேசக் கேட்டபோது, அது நமது குரலாகவே காதில் விழுந்தது. எந்தத் துரையும் நம்மை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நாமாகவே சொன்னோம்.

கிந்தனார் கதையின் குறை இதுதான். ஒரு கிந்தன் படித்துத் தேறிவிட்டால் சேரி கரையேறிவிட்டது என்று கதை முடிகிறது. கிந்தன் ஆண்டையின் கணக்குப்பிள்ளையாகவும் ஆகலாம் என்பதை அது சொல்லவில்லை. இதைச் சொல்லும் நாடகம் இனித்தான் எழுதப்படவேண்டும். அதை எழுதவேண்டியவர்கள் நம் தோட்டத்து இளைஞர்களே.

"பக்தியை இழிவு செய்கிறீர்கள்" என்பார் சிலர். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய ஆராய்ச்சி நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். நந்தனை மதிப்பதும், நந்தனுக்கு இழைத்ததைக் கண்டிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவரிடம் கற்கலாம். "பழம்பாட்டு அழிந்துவிடுமே" என்பார் வேறு சிலர். அழிக்கச் சொல்வார் யார்? கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளை ஓரெழுத்தும் மாற்றாமல் பாடுங்கள். "வருகலாமோ" என்ற கீர்த்தனையை நந்தன் பாடட்டும். ஆனால் அதை மூலஸ்தானத்தை நோக்கிப் பாடாமல், வாசலை அடைத்து நிற்பவரை நோக்கிப் பாடட்டும். பூதகணங்கள் வரும் காட்சியில் நம் ஆண்களும் பெண்களும் கையில் அரிவாளோடு மேடை ஏறட்டும். நாற்பது வேலியை அறுத்தவர் யாரென்று சபை காணட்டும். கடைசியில் நெருப்பு மூட்டப்படட்டும். நந்தன் அதில் இறங்காமல் அதன் எதிரே நிற்கட்டும். "நான் ஏன் எரியவேண்டும்?" என்று அவன் சபையைக் கேட்கட்டும். அங்கே திரை விழட்டும். இதற்கு ஒரு புதிய பாட்டுக்கூட வேண்டியதில்லை.

கோயில் கமிட்டிப் பெரியவர்களே! நீங்கள் மூலம் என்று சொல்வதைப் பாடியவர் தமக்கு முன்னிருந்த மூலத்தைத் திருத்தியவர். அவர் வழியில் நடப்பதென்றால் திருத்தவேண்டும்; திருத்தாமல் ஆடுவதுதான் அவருக்குச் செய்யும் துரோகம். இவ்வாண்டுத் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. இளைஞர்கள் மறுபடியும் உங்களிடம் அனுமதி கேட்டு வருவார்கள். அவர்களிடம் "நாளை பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாமும் நமது மேசையில் அச்சொல்லை விட்டொழிப்பதாக இப்பத்திரிகை வாயிலாகவே வாக்களிக்கிறோம்; தவறினால், நாடகத்தில் வேதியர் வேஷத்துக்கு வேறு ஆள் தேடவேண்டாம்.