தொந்தரவு பண்ணாதேன்னு சொல்ல நான் ஏன் பேர் பதியணும்?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருக்கும்போது அரை மணி நேரத்துல மூணு போன். முதல்ல பர்சனல் லோன். அடுத்தது சர்ஜாபூர் ரோட்டுல ஃபிளாட். மூணாவது என்னன்னே தெரியலை, எடுத்த உடனே கட் ஆயிடுச்சு. எதிர்ல உக்காந்திருந்த நண்பர் ரொம்ப அக்கறையா கேட்டார்: "ஏங்க, நீங்க டிஎன்டி போடலையா? 1909க்கு ஒரு எஸ்எம்எஸ் தட்டி விடுங்க, எல்லாம் நின்னுடும்."

எனக்கு சாம்பார் சாதம் தொண்டையில இறங்கலை. நான் டிஎன்டியில பேர் குடுத்தது 2007-ல. அந்தப் பதிவேடு பொறந்த வருஷம். அன்னிலேருந்து இன்னிவரைக்கும் நம்பரை மாத்தலை, பேரை எடுக்கலை. இதுக்கு மேல என்னத்த தட்டி விடறது?

இதைப் பத்தி எழுதணும்னு ரெண்டு வருஷமா நினைச்சிட்டு இருந்தேன். எழுத ஒரு சங்கடம் இருந்தது. அதை முதல்ல சொல்லிடறேன்.

நான் இருக்கறது மர்பி டவுன்ல. பெங்களூர் பழக்கமில்லாதவங்களுக்கு, அல்சூர் ஏரியிலேருந்து நடக்கற தூரம், கன்டோன்மென்ட் காலத்து ஏரியா. காய்கறி வாங்கப் போனா நாலு பக்கமும் தமிழ் காதுல விழும். ஆனா அப்பா அம்மா இருக்கறது சங்கரன்கோவில்ல. ராத்திரி முழுக்க பஸ்ல போகணும். நம்மள மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்கு ஊருக்கும் நமக்கும் நடுவுல இருக்கற ஒரே கயிறு இந்த போன்தான்.

2023 ஆடி மாசம். அன்னிக்குக் காலையிலேயே கிரெடிட் கார்டுன்னு ஒண்ணு, இன்சூரன்ஸ்னு ரெண்டு. பதினொரு மணிக்கு மீட்டிங்ல இருக்கும்போது தெரியாத நம்பர். கட் பண்ணேன். மறுபடி அடிச்சது. கட் பண்ணேன். மூணாவது தடவையும் அடிக்கவும் எரிச்சல்ல பிளாக் பண்ணிட்டேன். சாமர்த்தியம் பண்ணிட்டதா ஒரு திருப்தி வேற.

அது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மருந்துக்கடை வெச்சிருக்கற ஒரு அண்ணாச்சி. அப்பாவுக்கு சுகர் இறங்கி, கடை வாசல்லயே சரிஞ்சு விழுந்திருக்கார். சட்டைப் பையில இருந்த குட்டி டைரியில முதல் பக்கத்துல என் நம்பர். அண்ணாச்சி தன்னோட போன்லேருந்து மூணு தடவை கூப்பிட்டிருக்கார். அப்புறம் கூப்பிட்டாரான்னு எனக்குத் தெரியாது, நான்தான் பிளாக் பண்ணிட்டேனே. ரெண்டு மணி நேரம் கழிச்சு அம்மா போன் பண்ணித்தான் விஷயமே தெரியும். அப்பா பிழைச்சுக்கிட்டார், இப்ப நல்லா இருக்கார். ஊருக்குப் போனப்ப அந்த அண்ணாச்சிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் கோபமே படலை. "ரொம்ப பிஸியா இருந்தீகளோ தம்பி?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷ வேலை, கட் பண்ணிட்டுப் போவீங்களா"ன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு இதுக்கு மேல பொறுமை கிடையாது.

சரி, இந்தப் பதிவேட்டுக் கதைக்கு வருவோம். டிராய் 2007 ஜூன்ல விதிமுறை போட்டு, அந்த அக்டோபர்ல 'நேஷனல் டூ நாட் கால்' பதிவேட்டை ஆரம்பிச்சது. பேர் குடுத்தா அது அமலுக்கு வர 45 நாள். (எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையே பத்து நாள்ல அடிச்சு வந்துடுச்சு!) கூப்பிடறவன் பட்டியலைப் பாத்து, அதுல இருக்கற நம்பரை விட்டுட்டு மத்தவங்களைக் கூப்பிடணும். கேக்க நல்லாத்தான் இருக்கு.

2010-ல ஒரு தமாஷ் நடந்தது. அன்னிக்கு நிதியமைச்சரா இருந்த பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோட கூட்டத்துல இருக்கும்போது அவருக்கே போன், கடன் வேணுமான்னு. நாட்டுக்கே கடன் வாங்கறவர்கிட்ட போய்! விஷயம் அப்போ தொலைத்தொடர்பு அமைச்சரா இருந்த நம்ம ஆ. ராசா வரைக்கும் போச்சு. 'கூப்பிடாதே'ன்னு சொல்றவங்க பட்டியலுக்கு பதிலா 'கூப்பிடலாம்'னு சொல்றவங்க பட்டியல் மட்டும் வெச்சா என்னங்கற யோசனையும் அந்த வருஷம் டிராய் முன்னாடி இருந்தது. கடைசியில வந்தது பழைய பட்டியலோட பெரிய பதிப்புதான். 2010 டிசம்பர்ல அறிவிச்சு 2011 செப்டம்பர் 27-ல அமலுக்கு வந்தது. ஓட்டல் மெனு மாதிரி ஏழு வகை குடுத்தாங்க. வங்கி வேண்டாம், ரியல் எஸ்டேட் வேண்டாம், கல்வி வேண்டாம்னு நாமளே டிக் பண்ணிக்கலாம். டெலிமார்க்கெட்டிங் நம்பரெல்லாம் 140-ல ஆரம்பிக்கணும். தப்பு பண்ணா 25,000 ரூபாய்லேருந்து இரண்டரை லட்சம் வரைக்கும் அபராதம், ஆறாவது தடவை கறுப்புப் பட்டியல்.

என்ன ஆச்சு? 140-னு பாத்தாலே ஜனங்க எடுக்கறதை நிறுத்திட்டாங்க. உடனே பிசினஸ் சாதாரண பத்து இலக்க நம்பருக்கு மாறிடுச்சு. சட்டப்படி பதிவு பண்ணி 140 வாங்கினவன் போனை யாரும் எடுக்கலை. பதிவே பண்ணாம கடையில நாலு சிம் வாங்கினவன் போனை எல்லாரும் எடுத்தாங்க, ஏன்னா அது பெத்த பிள்ளையோட நம்பர் மாதிரியே இருக்கு. ஒழுங்கா இருக்கறவனுக்குத் தண்டனை, திருட்டுத்தனம் பண்றவனுக்குப் பரிசு.

2018-ல பிளாக்செயின் எல்லாம் போட்டு மறுபடி புது விதிமுறை. நியாயமா சொன்னா எஸ்எம்எஸ் விஷயத்துல இது கொஞ்சம் வேலை செஞ்சது. யார் அனுப்பறாங்க, என்ன வாசகம்னு முன்கூட்டியே பதியணும், ஒத்துப் போகலைன்னா கம்பெனி சர்வர்லயே நின்னுடும். (2021 மார்ச் 8-ந் தேதி இதை முழுசா அமல்படுத்தினப்ப நாடு முழுக்க ஓடிபி வராம திண்டாடி, ஒரு வாரத்துக்கு நிறுத்தி வெச்சாங்க. நான் அன்னிக்கு கேஸ் புக் பண்ண முடியாம நின்னேன்.) ஆனா குரல் அழைப்பு அப்படி இல்லை. என்ன பேசப் போறான்னு பேசறதுக்கு முன்னாடி எந்த சர்வராலயும் பாக்க முடியாது. அண்ணாச்சி கூப்பிடறதும் லோன்காரன் கூப்பிடறதும் டவருக்கு ஒண்ணுதான்.

இன்னொரு ஓட்டை இருக்கு, அது பெருச்சாளி போற ஓட்டை. நீங்க பட்டியல்ல இருந்தாலும், ஒரு கம்பெனிக்கு 'சம்மதம்' குடுத்திருந்தா அவங்க கூப்பிடலாம். சம்மதம் எப்போ குடுத்தோம்? அக்கவுன்ட் திறக்கும்போது, ஆப் இறக்கும்போது, பொடி எழுத்துல. சூப்பர் மார்க்கெட்ல ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினா "சார், மொபைல் நம்பர்?" பருப்புக்கு எதுக்கு நம்பர்? பில் போடறதுக்கு நம்பரைக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது.

புகார் குடுக்கலையான்னு கேப்பீங்க. 2022-ல ஒரு மாசம் வைராக்கியமா உக்காந்து குடுத்தேன். நம்பர், தேதி, என்ன பேசினாங்கன்னு எல்லாம் எழுதி, அழைப்பு வந்த மூணு நாளுக்குள்ள அனுப்பணும். நாலு புகாருக்கு 'விவரம் போதவில்லை'. மீதிக்கு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது'. என்ன நடவடிக்கைன்னு யாரும் சொல்லலை. அன்னிக்கு விதி என்னன்னா, பதிவு பண்ணாத நம்பர் மேல ஏழு நாள்ல பத்து பேர் புகார் குடுத்தாத்தான் நடவடிக்கை. யோசிச்சுப் பாருங்க, எரிச்சல்ல கட் பண்றவங்கள்ல எத்தனை பேர் உக்காந்து தேதி நேரம் எழுதுவாங்க? அந்தப் பத்து பேர் சேர்றதுக்குள்ள அவன் சிம்மையே தூக்கிப் போட்டிருப்பான்.

அந்த மாசத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. இந்தியில ஆரம்பிச்சு, கன்னடத்துக்கு மாறி, என் உச்சரிப்பைக் கேட்டுட்டு "சார், தமிழா?"ன்னுச்சு. கோபமா ஆரம்பிச்ச எனக்கு குரல் இறங்கிடுச்சு. "நான் டிஎன்டியில இருக்கேம்மா, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன். "எங்களுக்கு காலையில லிஸ்ட் குடுப்பாங்க சார். யார் டிஎன்டி, யார் இல்லைன்னு அதுல இருக்காது. நீங்க புகார் குடுத்தா இந்த சிம்தான் போகும், நாளைக்கு வேற சிம் குடுப்பாங்க." கொஞ்சம் நேரம் பேசாம இருந்துட்டு, "நானும் தென்காசிப் பக்கம்தான் சார்"ன்னுச்சு. நான் அந்த நம்பரைப் புகார்ல சேக்கலை. தப்புதான், ஆனா முடியலை.

டெலிமார்க்கெட்டிங்கை நிறுத்தினா இந்த மாதிரிப் பிள்ளைங்க வேலை போயிடுமேன்னு ஒரு கட்சி எப்பவும் பேசும். நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஊரை விட்டு வந்து நாள் முழுக்க திட்டு வாங்கற வேலையைக் காப்பாத்தறதுக்காக நான் என் அப்பாவோட போனை எடுக்காம இருக்கணுமா? அந்தப் பொண்ணு சொன்ன சேதிதான் முக்கியம். சிம் போகும், ஆள் மாறும், லிஸ்ட் குடுத்தவன் அங்கேயே இருப்பான். யாரோட கடனை விக்கறதுக்காக அந்தப் பொண்ணு கூப்பிடுதோ அவனைத் தொடாம எத்தனை பதிவேடு போட்டாலும் இதேதான்.

அப்படித் தொட்டா என்ன ஆகும்னு 2024-ல கொஞ்சம் பாத்தோம். அந்த வருஷம் முதல் ஆறு மாசத்துல மட்டும் பதிவு பண்ணாத ஆளுங்க மேல 7.9 லட்சம் புகார். ஆகஸ்ட் 13-ந் தேதி டிராய், இப்படிக் கூப்பிடற நிறுவனத்தோட எல்லா இணைப்பையும் துண்டிச்சு, ரெண்டு வருஷம் வரைக்கும் எந்தக் கம்பெனியும் லைன் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. மூணே வாரத்துல 50-க்கு மேல நிறுவனங்கள் கறுப்புப் பட்டியல்ல, 2.75 லட்சம் இணைப்பு துண்டிப்பு. ஆகஸ்ட்ல 1.89 லட்சமா இருந்த புகார் அக்டோபர்ல 1.51 லட்சமாச்சு. பெரிய வெற்றின்னு சொல்ல மாட்டேன். ஆனா கவனிங்க, பதினேழு வருஷமா நம்ம பேரை எழுதி வெச்சிருந்த பதிவேடு இதைச் செய்யலை. லைனைப் பிடுங்கினதுதான் செஞ்சது.

2025 பிப்ரவரியில இன்னும் இறுக்கினாங்க. இப்போ ஏழு நாளுக்குள்ள புகார் குடுக்கலாம், பத்து நாள்ல அஞ்சு புகார் வந்தாலே நடவடிக்கை, அதுவும் அஞ்சு நாள்ல. புகார்க் கணக்கைத் தப்பாக் காட்டற தொலைபேசிக் கம்பெனிக்கே முதல்ல 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 10 லட்சம் அபராதம். நல்லதுதான். ஆனா அவங்க வருமானத்துக்கு முன்னாடி 10 லட்சம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மொத்த சிம்மையும் வித்தது யாரு?

இது இந்தியாவோட வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல 2003-லேயே பதிவேடு வந்துடுச்சு, 20 கோடிக்கு மேல நம்பர் அதுல இருக்கு. நியூஜெர்சியில இருக்கற என் மச்சானும் தெரியாத நம்பரை எடுக்கறதில்லை. பட்டியல் ஒழுங்கான கம்பெனியைத்தான் நிறுத்தும், மோசடிக்காரன் அதைப் பாக்க மாட்டான்னு அந்தப் பதிவேட்டை நடத்தற அமைப்பே சொல்லுது. ஜெர்மனியில வேற வழி. முன்கூட்டியே சம்மதம் வாங்காம நுகர்வோரை விளம்பரத்துக்குக் கூப்பிடறதே சட்டவிரோதம், 3 லட்சம் யூரோ வரைக்கும் அபராதம். அங்கேயும் தொல்லை முழுசா ஒழியலைதான். ஆனா அங்க நிரூபிக்க வேண்டியவன் கூப்பிட்டவன். "நான் 2007-லேயே பேர் குடுத்தேன், இதோ ரசீது"ன்னு நாம அலைய வேண்டாம்.

நான் கேக்கறதும் அதுதாங்க. என் வீட்டுக் கதவுல 'திருடாதே'ன்னு போர்டு மாட்டினாத்தான் திருடக் கூடாதுன்னு எந்த ஊர்ல சட்டம்? போர்டு மாட்டத் தெரியாத எங்க அம்மாவுக்கு என்ன வழி? அம்மாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரியாது, ஏழு வகை தெரியாது. போன் அடிச்சா எடுக்கணும்னு மட்டும்தான் தெரியும். 'கூப்பிடலாம்'னு சொல்றவங்க பேரை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க. மீதிப் பேரைக் கூப்பிட்டா, சிம் வெச்சிருந்த பொண்ணைக் கேக்காதீங்க, கடன் வித்த கம்பெனியைக் கேளுங்க.

அதுவரைக்கும் நான் எல்லா நம்பரையும் எடுக்கறேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு வருது. நண்பர்கள் சிரிக்கறாங்க. மருந்துக்கடை அண்ணாச்சி நம்பரை பிளாக்லேருந்து எடுத்து, பேர் போட்டு சேமிச்சாச்சு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாவோட டைரியைப் பாத்தேன். முதல் பக்கத்துல என் நம்பர் அப்படியேதான் இருக்கு. அதுக்கு மேல, இருந்த கொஞ்சூண்டு இடத்துல, நுணுக்கி என் மனைவியோட நம்பரை எழுதி வெச்சிருக்கார்.