வரிசை நிற்கிறது, டீசல் எரிகிறது

சென்னைத் துறைமுக ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரைலர்கள் வரிசை கட்டும் நாள்களில், நின்ற இடத்திலேயே வீணாகும் டீசலைப் பற்றி எழுதுகிறேன். நிற்கும் கனரக வண்டியின் இன்ஜின் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். 200 வண்டிகள் 4 மணி நேரம் நின்றால் 1,600 லிட்டர். கரியமில வாயு மட்டுமே 4 டன்னைத் தாண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே சொல்லிவிட்டது. அதை முதலில் சுவாசிப்பவர் டிரைவர்; அடுத்து, காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சாலையோரம் குடியிருப்பவர்கள்.

டிரைவர் இன்ஜினை அணைத்தால் தீர்ந்தது என்பார்கள். வரிசையைக் கவனித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. முன்னால் நிற்பது ஒரு வண்டி நீளம் நகரும். உடனே பின்தொடராவிட்டால் அந்த இடைவெளியில் இன்னொன்று மூக்கை நுழைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்ஃப் அடித்தால் பேட்டரி தாங்காது. ஏர் இறங்கிவிட்டால் பிரேக் விடுபடாது. டிரைவருக்கு அபராதம் போடுவது அநியாயம். இதற்கிடையே, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. மே மாத வெயிலில் அது டிரைவர்களுக்கு வேண்டிய வசதிதான். ஆனால் ஏசி ஓட இன்ஜினும் ஓட வேண்டும். வரிசை இப்படியே இருந்தால் புகை கூடத்தான் செய்யும்.

எனவே கேட்க வேண்டியது வாசலைத்தான். கலிபோர்னியாவில் 2002-இல் வந்த சட்டம், 30 நிமிடத்துக்கு மேல் லாரிகளைப் புகையவிட்டுக் காக்கவைத்தால் துறைமுக முனையத்துக்கே 250 டாலர் அபராதம் என்றது. முன்பதிவு முறை வைத்தால் விலக்கு உண்டு. பல முனையங்கள் பெயருக்கு அதை வைத்தன. பதிவு செய்து வந்த வண்டிக்குத் தனி வழி கிடைக்காததால் வரிசை பெரிதாகக் குறையவில்லை. நாம் முன்பதிவு வைக்கும்போது அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். நகர நெரிசலில் குறித்த நேரத்துக்கு வர முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதனால் இரண்டு மணி நேர அவகாசம் கொடுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்க யார்டு கொடுங்கள், முறை வந்ததும் செல்பேசியில் அழையுங்கள். துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலை வந்தால் சரியாகும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அது வண்டியை வாசல்வரை விரைவாகக் கொண்டுவரும். வாசல் அதே வேகத்தில்தான் திறக்கும்.

முதல் வேலையாக, ஒவ்வொரு வண்டியும் வரிசையில் சேர்ந்த நேரத்தையும் வாசலைக் கடந்த நேரத்தையும் முனையவாரியாக நாள்தோறும் வெளியிட ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் குடிமகன் ஒருவன்