அடுத்த ஜென்மம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

"பேய்க்கதையில் போய் சாதியைத் தேடுகிறீர்களே!" அமானுஷ்யக் காதல் குறுநாவல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இந்தப் பதில்தான் வந்து விழுகிறது. விடுதி அறையில் கேட்டிருக்கிறேன், பேருந்தில் கேட்டிருக்கிறேன், முற்போக்குத் தோழர்களிடமும் கேட்டிருக்கிறேன். தேட வேண்டிய தேவையே இல்லை தோழர்களே. அந்தக் கதைகளின் முதல் அத்தியாயத்தில் செத்துக் கிடக்கும் பெண்ணைக் கொன்றதே சாதிதான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாத நாவலாக வந்தாலும் கைப்பேசியில் தொடராக வந்தாலும் சரக்கு பெரிதாக மாறுவதில்லை. மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த ஜமீன் பங்களா. நகரத்திலிருந்து வந்து தங்கும் கதாநாயகனுக்கு நள்ளிரவில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு அந்த ஜமீன் வாரிசைக் காதலித்த பண்ணையாள் மகளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றிருக்கிறார்கள். அந்த வாரிசுதான் கதாநாயகனாகப் பிறந்து வந்திருக்கிறான். கடைசியில் அவளும் மறுபிறவி எடுத்து வந்து அவன் கையைப் பிடிக்கிறாள். ஜமீன் வாரிசு, ஏழை வீட்டுப் பெண், குறுக்கே நிற்கும் அப்பா, மறுபிறவி என்ற இதே கூட்டில்தான் 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தது. அறுபது வருடம் கழித்தும் கூடு அப்படியே இருக்கிறது.

இவற்றைப் படித்தவர்களிடம் கருத்துக் கேட்டுப் பாருங்கள். "காதல் தெய்வீகமாக இருந்தது" என்பார்கள். "பேய் வரும் இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது" என்பார்கள். எல்லோரும் மனம் நிறைந்து சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "அடுத்த ஜென்மத்திலாவது சேர்ந்துட்டாங்களே!" என்னை உறுத்துவது இந்த நிறைவுதான்.

ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள். கொன்றவன் யார், ஏன் கொன்றான், ஊர் எப்படி வாயை மூடிக்கொண்டது, அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பிறகும் அதே பண்ணையில் எப்படி வேலை செய்தார்கள்? எந்தக் கேள்வியும் நமக்கு எழுவதில்லை. ஜோடி சேர்ந்துவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். மறுபிறவி எடுக்கும் அந்தப் பெண் இந்தத் தடவை சேரியில் பிறப்பதில்லை. கல்லூரியில் படிக்கிறாள், சொந்த வீடு இருக்கிறது, அவள் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. அதாவது, கதை சாதியைக் கடக்கவில்லை. அவளைத்தான் சாதி மாற்றிப் பிறக்க வைத்திருக்கிறது. அவன் மட்டும் ஒவ்வொரு பிறவியிலும் பங்களாவுக்கு வாரிசாகவே வருகிறான்!

மறுபிறவி என்பது ஏதோ காதலர்களுக்காக யாரோ கண்டுபிடித்த அழகான கற்பனை அல்ல. சாந்தோக்கிய உபநிடதம் பச்சையாகவே சொல்கிறது: நல்நடத்தை உள்ளவர்கள் பார்ப்பன, சத்திரிய, வைசிய வயிற்றில் பிறப்பார்கள், கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாய், பன்றி, சண்டாளர் வயிற்றில் பிறப்பார்கள். இன்று நீ சேரியில் இருப்பதற்கு நேற்றைய உன் பாவம் காரணம் என்பதுதான் அந்தக் கணக்கு. பெரியார் ஆன்மாவையும் மறுபிறவியையும் விடாமல் அடித்ததற்குக் காரணம் இதுதான். நாவல் இந்தக் கணக்கின் இனிப்பான பாதியை மட்டும் எடுத்துத் தருகிறது. நாமும் 'பூர்வஜென்ம பந்தம்' என்று உருகிக்கொண்டே அதை விழுங்குகிறோம்.

இந்த ஒட்டுவேலை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனரான பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். அவர்களுக்காகப் பூணூலை அறுத்துப் போடுகிறான், செருப்புத் தைக்கிறான், மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் மக்கள் செருப்பைத்தான் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, பின்னால் நடந்த மாற்றத்தையும் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகளாம், பகடை எடுத்து வளர்த்தாராம்! மதுரை வீரன் கதையிலும் இதுதான் நடந்தது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் வீரன் பிறப்பால் அரசகுமாரன், காட்டில் விடப்பட்டு அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். காதல் சாதியை மீறிவிட்டால் உடனே பிறப்பைத் திருத்திவிட வேண்டும். அன்று பிறப்பு ரகசியத்தை வைத்துத் திருத்தினார்கள், இன்று மறுபிறவியை வைத்துத் திருத்துகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. கதையைத் திருத்திய பிறகும் காரையாறில் அந்தச் செருப்பை யாராலும் எடுத்துவிட முடியவில்லை. நம் நாவல்களில் அப்படி ஒரு செருப்புகூட மிஞ்சுவதில்லை.

"கதையைக் கதையாகப் பாருங்கள்" என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவரையும் பிடித்து, விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். வழக்கு சிபிஐக்குப் போய், கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆனது. பதினெட்டு ஆண்டுகள்! பொய்யான வழக்கை ஜோடித்த காவல்துறையினரும் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் எந்த ஆவியும் வந்து யார் கழுத்தையும் நெரிக்கவில்லை. முருகேசன் குடும்பமும் வழக்கறிஞர்களும்தான் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். நாவலில் அந்த வேலையைப் பேய் இருபது பக்கத்தில் முடித்துவிடுகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லை, சாட்சி இல்லை, பிறழ்சாட்சி இல்லை. கொலைக்கு நீதி வேண்டும் என்ற நம் ஆத்திரத்தைப் பேயே தீர்த்துவைத்துவிட்டால், ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாம் எதற்குத் தெருவில் நிற்க வேண்டும்?

இதற்காக இந்த நாவல்களைக் கொளுத்தச் சொல்லவில்லை. 'மலிவு இலக்கியம்' என்று மூக்கைச் சுளிக்கும் நம் தோழர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களில் பலர் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, இரவில் அரைமணி நேரம் திருடி இதைப் படிக்கும் பெண்ணுக்கு, விரும்பியவனை நினைத்துப் பார்க்க வேறு இடம் இருக்கிறதா? அந்தப் பேய்தானே அவள் பார்த்தவரையில் பெரிய வீட்டுக்காரர்களை நடுக்கூடத்தில் நிறுத்தி, "என்னைக் கொன்றவர்கள் நீங்கள்" என்று சொன்ன ஒரே பெண்? உயிரோடு இருந்தபோது வாய் திறக்க முடியாதவள் செத்த பிறகுதான் பேசுகிறாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வாசகிக்கு உடம்பு சிலிர்க்கிறது என்றால், அந்தச் சிலிர்ப்பை நான் மதிக்கிறேன். அதில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தைத் தாலாட்டித் தூங்கவைக்கும் கடைசி அத்தியாயத்தைத்தான் மறுக்கிறேன்.

ஆகவே கருத்துச் சொல்லுங்கள், நிறையச் சொல்லுங்கள். "ஜோடிப் பொருத்தம் அருமை" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவளைக் கொன்றது யார் என்று கேளுங்கள். அவள் ஏன் மறுபடியும் அதே சேரியில் பிறந்து, அதே பெயரோடு அவனைக் காதலிக்கக் கூடாது என்று கேளுங்கள். அவன் ஏன் ஒரு பிறவியிலாவது பங்களாவை விட்டு இறங்கக் கூடாது என்று கேளுங்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வாசகர்களாக இருந்து எழுத வந்தவர்கள்தான். கேட்டால் அவர்கள் காதில் விழும்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் பேரோடு அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அங்கே அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, இன்று நான் மறுபிறவி எடுக்கிறேன் என்ற பொருளில் அமைந்தது. செத்த பிறகு கிடைக்கப்போகும் பிறவியைப் பற்றி அவர் பேசவில்லை. இதே உடம்பில், இதே ஊரில், சாதியைத் தூக்கி எறிந்த அந்த நிமிடத்தில் எடுக்கும் பிறவி அது. உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கரை வெட்டிச் சாய்த்த பிறகு, தலையில் வெட்டுக் காயத்தோடு பிழைத்து வந்த கௌசல்யா, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவரும் அடுத்த ஜென்மத்துக்குக் காத்திருக்கவில்லை.

நமக்கு வேண்டிய காதல் கதையும் இந்த ஜென்மத்தில் நடப்பதுதான். அதில் அந்தப் பண்ணையாள் மகள் உயிரோடு இருக்க வேண்டும்.