ஒற்றைக் கியர் என்ன பாவம் செய்தது?

சேறும் மணலும் தடுப்புகளும் நிறைந்த தடத்தில் ஓடும் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸில், கியர்க்காரர்களுக்கு நடுவே ஒற்றைக் கியர் சைக்கிளோடு நிற்பவர் வேடிக்கை காட்ட வந்தவர், மேட்டிலும் சமதளத்திலும் அவர் தோற்பது உறுதி என்கிறார்கள். சாலைப் பந்தயம் என்றால் சரி. இது சாலையா?

1. கணக்குப் போடுங்கள். முன்னால் 38 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 4.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 24 கிலோமீட்டர். 110 சுற்றில் 29. சேறும் கொண்டை ஊசி வளைவுமான தடத்தில் அதற்கு மேல் போகிற இடம் எத்தனை?

2. பலகைத் தடுப்பு, படிக்கட்டு, பெல்ஜியத்தின் சோன்ஹோவன் மணற்குழியை விட்டு மேலேறும் சரிவு. இங்கெல்லாம் வண்டியைத் தோளில் போட்டு ஓடுகிறவருக்குப் பன்னிரண்டு கியர் இருந்தால் என்ன, ஒன்று இருந்தால் என்ன?

3. களிமண்ணும் புல்லும் சேர்ந்து, கியர் மாற்றும் டெரெய்லரைச் சுற்றி அடைக்கும். சங்கிலி பல் தாவும், சில நேரம் டெரெய்லரைத் தாங்கும் கொக்கியே முறியும். முன்னணி வீரருக்கு வண்டி மாற்றும் பிட்டில் கழுவிய மாற்று வண்டி காத்திருக்கும். வார இறுதிப் போட்டிக்காரருக்கு?

தொடக்கத்தில் தார்ச்சாலையில் எல்லோரும் சீறும்போது ஒற்றைக் கியர்க்காரரின் கால் காற்றில் சுழலும், இடங்கள் பறிபோகும். அதிகபட்சம் 22 சதவீதச் சரிவுள்ள, பெல்ஜியத்தின் கோப்பன்பெர்க் கல்பாதையிலும் கியர்தான் ஜெயிக்கும். மறுக்கவில்லை. ஆனால் சில இடங்களில் பின்தங்குவதும் போட்டியிலேயே இல்லாததும் ஒன்றா? ஒன்றுதான் என்றால், கியர் வைத்துக்கொண்டும் இவருக்குப் பின்னால் வந்து சேர்கிறவர்களுக்கு என்ன பெயர்?