கருப்பையை எடுத்தால் எல்லாம் சரியா?

"பிள்ளையளைப் பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்து விடுங்கோ." கருப்பை இறங்கின பெண்ணுக்கு எங்கட சனம் சொல்லும் ஆலோசனை இதுதான்.

கருப்பை தானாக இறங்குவதில்லை. பிரசவம், பாரம் தூக்கல், தீராத இருமல், மலச்சிக்கல் என்பவற்றால் அதைத் தாங்கும் தசைகளும் இழையங்களும் தளர்கின்றன. அந்தத் தாங்கலைச் சரிசெய்யாமல் கருப்பையை மட்டும் எடுத்தால், பிறகு யோனியின் மேற்பகுதியே இறங்கலாம்.

சத்திரசிகிச்சையே வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சிலருக்கு அதுதான் வழி. ஆனால் தொடக்கநிலை இறக்கத்துக்கு, பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் குறைந்தது 16 கிழமை இடுப்புத்தளத் தசைப்பயிற்சியை முதலில் யோசிக்கச் சொல்கிறது பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டி. பெசரி எனும் சிலிக்கன் வளையமும் இருக்கு. உள்ளே வைத்தால் அது தாங்கிக்கொள்ளும். பல பெண்கள் தாங்களே எடுத்துக் கழுவிப் போடப் பழகலாம். கிளினிக்கில் ஒழுங்காகக் காட்டவேணும். சரிவராட்டி கழற்றலாம்; வெட்டின கருப்பையைத் திருப்பி வைக்க ஏலாது.

இதை ஏன் அம்மாமாருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? "கீழ" எண்ட சொல்லுக்கே அவையளை வெட்கப்படப் பழக்கி வைச்சிருக்கிறம். இது பெரும்பாலும் உயிராபத்தான நோயில்லை, யோசிக்க நேரமிருக்கு. எல்லா வழியையும் சொல்லுங்கோ. முடிவை அவ எடுப்பா.